பதிவு 41, வருகை 36: அந்த ஐந்து பேரைக் கேட்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில், நடுநிலைப் பள்ளியில் 30 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு நான் 'சத்துணவு டீச்சர்'. பாடம் நடத்தியதில்லை, அரிசி அளந்தேன். ஆனால் எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பது வகுப்பு ஆசிரியருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். சில நாள் அவருக்கும் முன்னால் தெரிந்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். எல்லா வகுப்பிலும் கரும்பலகையின் மூலையில் 'பதிவு, வருகை' என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். பதிவு 41, வருகை 36 என்று இருந்தால் வகுப்பில் ஐந்து பேர் இல்லை. காலை பத்து மணிவாக்கில் ஒரு பிள்ளை துண்டுச் சீட்டோடு வகுப்பு வகுப்பாகப் போய் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு சமையல் கூடத்துக்கு ஓடி வரும். அதைப் பார்த்துத்தான் நான் அரிசி அளப்பேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 100 கிராம், அதற்கு மேலே 150. முட்டை அப்படியில்லை. அது எண்ணி வருவது, மேலே அரசு முத்திரை குத்தியிருக்கும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோட்டில் எழுதியாக வேண்டும். வராத பிள்ளை என் கணக்கில் ஒரு முட்டையாக மிஞ்சும்.

இன்னொன்று தட்டு. எங்கள் பள்ளியில் தட்டில் பேரை ஆணியால் கீறி வைத்திருப்பார்கள். இனிஷியல் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். சாப்பிட்டு முடித்ததும் கழுவிச் சுவரோரம் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். கரிசல் காட்டுக் காற்றுக்கு ஒரு நாளில் தூசி படியும், இரண்டு நாளில் விரலால் பேர் எழுதலாம். தூசி படிந்த தட்டைத் திருப்பிப் பேரைப் படித்தால் போதும். எனக்கு வேறு பதிவேடு தேவைப்படவில்லை.

நான் 1989-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பக்கம் விடியற்காலை நான்கு மணிக்கே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் வேலைக்கு ஏறிப் போவார்கள். அந்தக் காலத்தில் சுவரோரம் தூசித் தட்டுதான் அதிகம். அதெல்லாம் இப்போது பெருமளவு நின்றுவிட்டது. 1956-ல் காமராஜர் இதே எட்டயபுரத்து மண்ணில் தொடங்கி வைத்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, இப்போது காலைச் சிற்றுண்டி என்று சோறு போட்டே பிள்ளைகளை வரவழைத்த மாநிலம் இது. சேர்க்கையில் நமக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கவலை, சேர்ந்த பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கே அதை யார் கேட்கிறார்கள் என்பது.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. மாசி மாதம், பருத்தி எடுப்புக் காலம். அவள் தட்டு ஒன்பது நாள் கிடந்தது. சாரிடம் கேட்டேன். 'அம்மை போட்டிருக்காம் டீச்சர்' என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை அவர் நம்பியிருந்தார். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்த வீட்டில் எட்டிப் பார்த்தேன். வேப்பிலையும் இல்லை, அம்மையும் இல்லை. ஒன்றரை வயசுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு விறகு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் பருத்திக்காட்டில்.

"ஏட்டி, ஸ்கூலுக்கு ஏன் வரல?"

"தம்பிய யாரு டீச்சர் பாக்குறது?"

அங்கன்வாடியில் இரண்டு வயசு ஆனால்தான் சேர்ப்பார்கள். இவனுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அங்கன்வாடி அம்மாவிடம் போய்ப் பேசினேன். முதலில் முறைத்தார், பிறகு 'பருத்தி முடியுற வரைக்கும்தான்' என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். விதிமீறல்தான். எழுதியதற்கு யாரும் நடவடிக்கை எடுத்துவிட வேண்டாம், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

பிள்ளை பத்தாம் நாள் வந்தாள். ஆனால் வகுப்பு அதற்குள் பின்னக் கூட்டலை முடித்துவிட்டிருந்தது. மத்தியானம் தட்டு கழுவ வந்தவள் என்னிடம் நோட்டை நீட்டினாள். அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு என்ற கணக்கு. மேலே இருக்கிற ஒன்றையும் ஒன்றையும் கூட்டி, கீழே இருக்கிற இரண்டையும் நான்கையும் கூட்டி, ஆறில் இரண்டு என்று போட்டிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஏன் தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் படியும் உழக்கும் என் வீட்டு அரிசிப் பானையிலேயே கிடந்தன. மறுநாள் எடுத்து வந்து அரைப்படி அரிசியைக் கொட்டச் சொன்னேன். மேலே ஒரு உழக்கு, அதாவது கால் படி, போடச் சொன்னேன். "இப்போ ஆறுல ரெண்டுன்னா மூணுல ஒண்ணு. அரைப்படிக்கும் கம்மி. போட்டதுக்கப்புறம் எப்படிட்டி குறையும்?" என்றேன். கொஞ்ச நேரம் அரிசியையே பார்த்தாள். "முக்காப் படி டீச்சர்" என்றாள்.

நான் பெரிய ஆசிரியை என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. ஒன்பது நாளில் என்ன போய்விடும் என்று கேட்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன். பின்னம் தெரியாமல் வந்தவளுக்கு அடுத்து தசமம் புரியாது, அதற்கடுத்து விகிதம் புரியாது. புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவமானம். அவமானப்பட்ட பிள்ளைக்கு மறுவாரம் வயிறு வலிக்கும். நானே கண்ணால் பார்த்தது, நீண்ட விடுப்பு எடுத்துத் திரும்பி வருகிற பிள்ளை சாப்பாட்டுப் பந்தியில்கூடக் கடைசியில் போய்த்தான் உட்காரும்.

இனி என் வீட்டுக் கதை. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான்.

என் மகள் வயிற்றுப் பேரன் பக்கத்து ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒரு முறை வருவார். மகள் விடியற்காலையே ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பையன் யூனிபார்ம் போட்டு, பையை மாட்டி, எட்டே காலுக்கு பஸ் ஏறினான். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தான். பதினொரு பள்ளி நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒரு பெண், முன்னாள் என் சத்துணவுப் பிள்ளைதான், எனக்குப் போன் போட்டாள். "டீச்சர், உங்க பேரன் இங்க வாட்டர் சர்வீஸ்ல பைக் கழுவிட்டு இருக்கான். ஒரு வாரமாப் பாக்கேன். லீவா?"

போய்ப் பார்த்தேன். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, கையில் குழாயோடு நின்றான். யூனிபார்ம் சட்டையை மட்டும் பத்திரமாகக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை அடைக்கக்கூட மறந்துவிட்டான்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். முடி. வளர்த்துக்கொண்டு போயிருக்கிறான். "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள விடுவேன்னுட்டாங்க ஆச்சி. அப்பா திருப்பூர்ல இருக்காங்கள்ல. அம்மா கடைக்கு லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்க." மறுநாளே முடியை வெட்டிவிட்டான். ஆனால் அப்பா இல்லாமல் போனால் திரும்பவும் விரட்டுவார்கள் என்று பயம். ஒரு நாள் போகவில்லை, மறுநாள் நேற்று ஏன் வரவில்லை என்பார்கள் என்று பயம். மூன்றாம் நாள் இரண்டு நாள் ஏன் வரவில்லை என்பார்கள் என்று பயம். பயம் வட்டி போட்டு வளர்ந்தது.

நேரே அவனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆபீசில் கோப்பைப் புரட்டி ஒரு லீவ் லெட்டரை எடுத்துக் காட்டினார்கள். 'என் பாட்டி காலமாகிவிட்டபடியால் மூன்று நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே என் மகள் கையெழுத்து, ஒரு புள்ளி குறைவாக. காலமான பாட்டி மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஆபீசில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. நான் செத்துப்போனதாகவே வைத்துக்கொள்வோம், துக்கம் விசாரிக்கவாவது வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

அதைத்தான் அங்கே கேட்டேன். வகுப்பு ஆசிரியர் செல்போனைத் திறந்து காட்டினார். பதினொரு நாளும் 'வரவில்லை' என்று சரியாகப் பதிந்திருந்தார். "நாங்க போட்டிருக்கோம்மா. வீட்டுக்கு மெசேஜும் போயிருக்கு." எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது கொடுத்த மருமகனின் பழைய எண். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அங்கேயே அந்த எண்ணைக் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "அந்தத் தம்பியோட ஸ்கூலுங்களா? தினமும் வரலைன்னு மெசேஜ் வருதுங்க. யாரு பெத்த புள்ளையோ, உடம்புக்கு என்னாச்சோன்னு நெனச்சுட்டே இருந்தனுங்க."

முன்பின் தெரியாத ஒரு அம்மா. பதினொரு நாளும் என் பேரனை நினைத்துக் கவலைப்பட்டது அவர் ஒருவர்தான்.

நான் ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷம் அவர்களோடு ஒரே வளாகத்தில் இருந்தவள். முதல் மணி அடித்ததும் செல்போனில் வருகைப் பதிவு ஆப்பைத் திறக்க வேண்டும், நெட் வராது, மாடிப்படியில் போய் நின்று வருகையைப் போட வேண்டும். மத்தியானம் மறுபடியும் போட வேண்டும். போட்டு முடித்ததும் அவர்கள் கடமை முடிந்ததாக அந்தச் செல்போன் பச்சை விளக்குக் காட்டுகிறது. வராத பிள்ளை வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசினாயா என்று அது கேட்பதில்லை. பதிந்துவிட்டால் தெரிவித்துவிட்டதாக ஆகிவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினராக இருந்தபோது ஒரு பயிற்சியில் கல்வி உரிமைச் சட்டத்தை வாசித்துக் காட்டினார்கள். 2009-ல் வந்த அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆசிரியர்களின் கடமைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, பெற்றோரை அடிக்கடி சந்தித்துப் பிள்ளையின் வருகை ஒழுங்கையும் படிப்பையும் பற்றி அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது. அதே சட்டத்தின் 17-வது பிரிவு உடலை வருத்துகிற தண்டனையையும் மனசை வருத்துகிற தொந்தரவையும் தடுக்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைக்கும்தானே, ஒன்பதாம் வகுப்புக்கு ஏது என்று யாராவது நியாயம் பேசலாம். பிள்ளை கை நழுவுகிற வயசே அந்தப் பதினான்குதான். அப்பா வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு, அதே பிள்ளைக்கு 'வரவில்லை' என்று பதிவது என்ன கணக்கு?

2023 மார்ச் 13-ம் தேதி பிளஸ் டூ தமிழ்த் தேர்வு நடந்தது. மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுத வரவில்லை. செய்தித்தாள், சட்டமன்றம், டிவி எல்லா இடத்திலும் அதே பேச்சு. அந்தப் பிள்ளைகள் அன்றைக்குக் காலையிலா காணாமல் போனார்கள்? அவரவர் வகுப்பில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக இடம் காலியாகக் கிடந்திருக்கும். அன்றைக்கு யாரும் பேசவில்லை. நாள் கூடிக் கூடிப் பட்டியலில் பேர் ஏறிய பிறகு 'இடைநின்றவர்' என்று ஜீப்பில் தேடி வருகிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் பையன் கரிமூட்டத்தில் விறகு அடுக்கப் பழகியிருப்பான், சம்பளத்தில் ஒரு செல்போனும் வாங்கியிருப்பான். பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். நான்காம் நாள் போய்க் கேட்டால் 'சொந்தத்துல பேசிட்டு இருக்கோம்' என்பார்கள். முப்பதாம் நாள் போனால் கழுத்தில் தாலி இருக்கும். 1098-க்குக் கூப்பிடலாம் என்று எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதியிருக்கிறது. கூப்பிடுவதற்கு யாருக்காவது முதலில் தெரிய வேண்டுமே.

பெற்றோர் பக்கமும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் என்றால் முந்தின நாளும் மறுநாளும் சேர்த்து மூன்று நாள் லீவு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனால் கால் வலி தீர இரண்டு நாள். பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் பதினாறு நாள் வீட்டோடு. பள்ளிக்குச் சொல்லவும் மாட்டார்கள், ஆண் வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கம். காலாண்டுத் தேர்வே போனாலும் சடங்கு கழிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று என்னிடமே சண்டை போட்ட தாய்மார் உண்டு. இரண்டு பேரைத்தான் என்னால் மாற்ற முடிந்தது. மற்ற வீடுகளில் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். லீவு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுகிற அன்று காலையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்கிற வீடு பத்து இருந்தால், சொல்லாமல் இருக்கிற பதினோராவது வீட்டைப் பள்ளியால் கண்டுபிடிக்க முடியும். எல்லாரும் சொல்லாமல் இருந்தால் காய்ச்சலும் களவும் ஒன்றாகத்தான் தெரியும்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம், சமையல் கூடத்தைக் கேளுங்கள் என்பேன். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள். சமைப்பது உள்ளூர் மகளிர் குழுப் பெண்கள். முதல் மணி அடிக்கும் முன்பே எந்தப் பிள்ளை வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வீடு எந்தத் தெரு, அம்மா எங்கே வேலைக்குப் போகிறாள் என்பதும் தெரியும். மத்தியானம் சத்துணவுக்காரர்களுக்குத் தெரியும். பத்து மணிக்கு எண் வருகிற அந்தத் துண்டுச் சீட்டிலேயே வராத பிள்ளைகளின் பேரையும் எழுதி அனுப்பினால் போதும். பதினொரு மணிக்குள் யாராவது ஒருவர், ஆசிரியர்தான் என்று இல்லை, மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு தாய் கூடச் செய்யலாம், அந்த ஐந்து வீட்டுக்குப் பேச வேண்டும். மெசேஜ் போதாது, வாய் திறந்து பேச வேண்டும். எதிரில் ஆள் எடுக்காவிட்டால் அந்த எண் செத்துவிட்டது என்றாவது அன்றைக்கே தெரிந்துவிடும். திருப்பூர் எண் ஒன்று இருக்கட்டும், கூடவே நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒருவர் எண்ணையும் வாங்கி வையுங்கள். பாட்டியோ, பெட்டிக்கடைக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் புத்தகம் கொடுக்கும்போதே அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் காலைச் சிற்றுண்டி கிடையாது, பத்தாம் வகுப்போடு சத்துணவும் முடிந்துவிடுகிறது. அங்கே என்ன செய்வது என்று என்னிடம் கேட்டால், அங்கே கணக்குப் பார்க்கத் தட்டு இல்லை, அதனால்தான் ஆள் வேண்டும் என்பேன்.

அந்தப் பள்ளியின் பெரிய சார் நல்ல மனிதர். நான் சத்தம் போட்டதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பேரனை அன்றைக்கே வகுப்பில் உட்கார வைத்தார். விடுபட்ட பாடங்களுக்கு நோட்டு கொடுக்க முதல் பெஞ்சுப் பையன் ஒருவனை ஏற்பாடு செய்தார். இரண்டாவது எண்ணாக என் எண்ணை அவரே எழுதிக்கொண்டார்.

போன வாரம் வியாழக்கிழமை காலை பத்து பத்துக்கு எனக்குப் போன் வந்தது. "அம்மா, பையன் இன்னைக்கு வரலையே?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தின ராத்திரியிலிருந்து காய்ச்சல், பக்கத்து அறையில் போர்த்திப் படுத்திருந்தான். பள்ளிக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "மன்னிச்சுக்கோங்க சார், நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றேன். "பரவாயில்லம்மா, நாளைக்கும் வரலைன்னா கூப்பிட்டுச் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டார். மறுநாள் எட்டரைக்கே நான் கூப்பிட்டுவிட்டேன்.

பேரன் கூச்சப்படுவான் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.